இக்கால விண்வெளிப் படங்களில் முதலிடம் எதற்கு?

விண்மீன்தாசன் (கேள்வி)

வணக்கம். 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு வெளிவந்த விண்வெளிப் படங்களுள் தலைசிறந்தது எது என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், யாராவது ஒருவர் 'இன்டர்ஸ்டெல்லர்' என்று சொல்ல, மற்றவர்கள் தலையாட்ட, பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தப் படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தபோது எனக்கு எழுந்த சில ஐயங்களை இங்கே வைத்து, உங்கள் தீர்ப்பையும் அதற்கான காரணத்தையும் கேட்க விரும்புகிறேன்.

எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளுக்குக் கோள் தாவி வாள் சுழற்றும் அரச குலக் கதைகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் அவற்றில் விண்வெளி வெறும் திரைச்சீலைதான், அதே கதையைக் கடலிலோ பாலைவனத்திலோ நடத்தினாலும் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது. காற்றின்மை, எடையின்மை, தொலைவு, காலம் ஆகியவற்றுள் ஒன்றாவது கதையின் முடிச்சாக இருக்கும் படங்களையே நான் கணக்கில் எடுக்கிறேன். அந்த வகையில் 'மூன்' (2009), 'கிராவிட்டி' (2013), 'இன்டர்ஸ்டெல்லர்' (2014), 'தி மார்ஷியன்' (2015), 'ஃபர்ஸ்ட் மேன்' (2018), 'ஆட் ஆஸ்ட்ரா' (2019) ஆகியவை என் பட்டியலில் இருக்கின்றன. 1968-இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யைத் தயவுசெய்து இழுத்து வராதீர்கள்; அது வந்து உட்கார்ந்தால் மற்ற படங்கள் அனைத்தும் எழுந்து நிற்க வேண்டியதாகிவிடும்.

இனி என் ஐயம். 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தில் நாயகன் கூப்பர், கருந்துளை ஒன்றுக்கு அருகிலுள்ள, நீர் நிறைந்த கோளில் சில மணி நேரம் இருந்துவிட்டுத் தாய்க்கலத்துக்குத் திரும்பும்போது, பூமியில் இருபத்து மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டிருக்கும். அவர் ஒரு திரைக்கு முன்னால் அமர்ந்து, சேர்ந்து கிடக்கும் காணொளிச் செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறார். பள்ளி முடித்த மகன், திருமணமான மகன், குழந்தையைத் தூக்கிக் காட்டும் மகன், நம்பிக்கையை இழந்து விடைபெறும் மகன். கடைசியில், பேசவே மறுத்திருந்த மகள், தந்தை புறப்பட்டபோது இருந்த அதே வயதை எட்டியவளாக வந்து நிற்கிறாள். சார்பியல் கொள்கையை இதைவிட வலிக்கும்படி எந்தப் படமும் சொல்லியதில்லை என்பது என் துணிபு. ஆனால் அதே படத்தின் கடைசிப் பகுதியில், கருந்துளைக்குள் விழுந்தவர் மகளின் புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் நிற்பதும், அன்பு என்பது பரிமாணங்களைக் கடக்கும் ஆற்றல் என்று முன்னரே பேசி வைத்ததை அங்கே நிறைவேற்றிக் காட்டுவதும் எனக்கு ஒட்டவில்லை. நடுப்பகுதி இவ்வளவு உயரத்தில் இருக்கும் ஒரு படத்துக்கு, அதன் முடிவு தளர்ந்திருந்தாலும் முதலிடம் கொடுக்கலாமா? கொடுக்கக்கூடாது என்றால் வேறு எதற்கு, எந்த அளவுகோலை வைத்து?

மூன்றாம் வரிசை

என் வாக்கு 'கிராவிட்டி' படத்துக்கு.

நீங்கள் வைத்த எல்லையையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். விண்வெளியைக் கழித்துவிட்டால் எந்தப் படத்தில் ஒன்றுமே மிஞ்சாது? 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தில் தந்தையும் மகளும் மிஞ்சுவார்கள். 'தி மார்ஷியன்' படத்தில் தனித்தீவில் சிக்கிய மனிதன் மிஞ்சுவான். 'கிராவிட்டி' படத்தில் எடையின்மையை எடுத்துவிட்டால் கதை என்று சொல்லிக்கொள்ள ஒரு வரிகூட இராது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. 91 நிமிடங்களுக்குள் ஒரே ஒரு நிலைமையை எடுத்துக்கொண்டு அதன் கடைசித் துளிவரை பிழிந்தெடுத்திருக்கிறார் அல்ஃபோன்சோ குவாரோன் என்பதால், நான் அதை நிறைவு என்றே சொல்வேன்.

தொடக்கக் காட்சியைப் பாருங்கள். பத்து நிமிடங்களுக்கும் மேலாக வெட்டே இல்லாமல் ஓடும் அந்த ஒற்றை ஷாட்டில், கேமராவுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. பூமி ஒருமுறை தலைக்கு மேலே இருக்கிறது, இன்னொருமுறை காலுக்கடியில். சிதறல்கள் வந்து மோதி, சாண்ட்ரா புல்லக் நடிக்கும் டாக்டர் ஸ்டோன் கலத்திலிருந்து பிய்த்தெறியப்பட்டுச் சுழலத் தொடங்கியதும், முதலில் அவரை வெளியிலிருந்து பார்த்த கேமரா மெல்ல நெருங்கி, தலைக்கவசத்தின் கண்ணாடியைக் கடந்து உள்ளே போய், அவருடைய கண்களாகவே மாறி வெளியே பார்க்கிறது. எந்த இடத்தில் கடந்தது என்று எத்தனை முறை பார்த்தாலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. நடிகையைச் சுழற்றாமல், எல்.இ.டி. பலகைகளால் சூழப்பட்ட ஒரு பெட்டிக்குள் அவரை நிறுத்திவிட்டு ஒளியைச் சுழற்றியதால்தான் இது கைகூடியது. சூரியனும் பூமியும் முகத்தின்மேல் மாறி மாறி வீசும் வெளிச்சம் மெய்யானதாக இருப்பதால், முகத்தைத் தவிர ஏறக்குறைய எல்லாமே கணினியில் வரையப்பட்டிருந்தும் கண் அதை ஏற்றுக்கொள்கிறது. ஒளிப்பதிவாளர் எம்மானுவேல் லுபெஸ்கிக்கு ஆஸ்கர் கிடைத்ததில் வியப்பில்லை. இயக்கம், படத்தொகுப்பு, இசை உட்பட மொத்தம் ஏழு ஆஸ்கர்களை அந்தப் படம் பெற்றது.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெற்றிடத்தில் ஒலி பரவாது என்பதைப் பெரும்பாலான படங்கள் வசதியாக மறந்துவிடுகின்றன. இங்கே கலம் நொறுங்கும்போது வெடிச்சத்தமே இல்லை. ஆனால் ஸ்டோன் கையில் பிடித்திருக்கும் கருவி அதிரும்போது, அந்த அதிர்வு கையுறை வழியாக, உடை வழியாக, மூடிய அறைக்குள்ளிருந்து கேட்பதைப்போல மங்கலாகக் கேட்கிறது. வெடிச்சத்தம் இருக்க வேண்டிய இடத்தை ஸ்டீவன் பிரைஸின் இசை எடுத்துக்கொள்கிறது. விதியைக் காப்பாற்றிக்கொண்டே அச்சத்தையும் காப்பாற்றியிருக்கிறார்கள்.

'இன்டர்ஸ்டெல்லர்' மீது எனக்குள்ள மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். புழுத்துளை (தொலைவான இரு இடங்களை இணைக்கும் குறுக்குவழி) என்றால் என்ன என்பதை, அதற்குள் நுழையப்போகும் கலத்தின் விமானியிடமே, நுழைவதற்குச் சற்று முன்பாக, தாளை மடித்து எழுதுகோலால் குத்திக் காட்டி விளக்குகிறார் சக விஞ்ஞானி. கிளம்பும்போது யாரும் அவரிடம் சொல்லவில்லையா என்ன?

இயற்பியல் ஆசிரியை

மூன்றாம் வரிசை அவர்கள் எழுதியதில் ஒளி, ஒலி பற்றிய பகுதி முழுவதையும் ஏற்கிறேன். தாள் மடிப்புக் காட்சியைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் விதியைக் காப்பாற்றிய படம் என்ற புகழ்மாலையை மட்டும் 'கிராவிட்டி' கழுத்தில் போட முடியாது.

ஹபிள் தொலைநோக்கியிலிருந்து பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு முதுகில் கட்டிய உந்துகலத்தோடு போய்ச் சேர்வதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. முன்னது நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை சாய்ந்த பாதையில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்திலும், பின்னது 51.6 பாகை சாய்ந்த பாதையில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்திலும் சுற்றுகின்றன. உயரத்தை மாற்றுவதாவது பரவாயில்லை. பாதையின் சாய்வை அந்த அளவுக்கு மாற்ற ஒரு பெரிய ராக்கெட்டே வேண்டும். கதை நடக்க வேண்டுமே என்று இதை விட்டுவிடலாம்.

விட முடியாதது கயிற்றுக் காட்சி. ஸ்டோனின் கால் பாராசூட் கயிறுகளில் சிக்கிக்கொண்டுவிட்டது; சக வீரர் கொவால்ஸ்கி அவருடைய பிடியில் இருக்கிறார்; இருவருடைய நகர்வும் நின்றுவிட்டதைப் போலவே காட்டப்படுகிறது. அப்படி நின்றுவிட்டால் கொவால்ஸ்கியை வெளியே இழுப்பதற்கு அங்கே எந்த விசையும் இல்லை. ஸ்டோன் கயிற்றை இலேசாகச் சுண்டியிருந்தாலே அவர் மெதுவாக மிதந்து அருகில் வந்திருப்பார். ஆனால் அவர் மலை விளிம்பில் தொங்குபவரைப்போலத் தன்னை விடுவித்துக்கொண்டு, சரேலென்று விலகிப் போகிறார். எடையின்மையையே கதையாகக் கொண்ட படம், தன் மிக முக்கியமான உயிர்த்தியாகத்துக்கு எடையைக் கடன் வாங்குகிறது. மாணவர்களிடம் இந்தக் காட்சியைக் காட்டி எது தவறு என்று கேட்டால், நியூட்டனின் முதல் விதியை நன்றாகப் புரிந்தவர்கள் உடனே கையைத் தூக்கிவிடுகிறார்கள். அழும்போது கண்ணீர்த் துளி கண்ணைவிட்டுப் பிரிந்து மிதந்து வருவதும் அழகாக இருக்கிறதே ஒழிய, உண்மையில் அது பரப்பு இழுவிசையால் கண்ணிலேயே உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

'இன்டர்ஸ்டெல்லர்' படத்துக்கு நான் முதலிடம் கொடுக்கும் காரணம் வேறு. அங்கே இயற்பியல் பின்னணியாக இராமல் கதையைச் செலுத்துகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஏழு ஆண்டு என்றால், காலம் ஏறத்தாழ 61,000 மடங்கு மெதுவாக ஓட வேண்டும். கிறிஸ்டோபர் நோலன் இந்த எண்ணைப் பிடிவாதமாகக் கேட்டபோது, படத்தின் அறிவியல் ஆலோசகரான கிப் தோர்ன், கருந்துளை தன்னால் இயன்ற உச்ச வேகத்துக்கு மிக மிக அருகில் சுழன்றால் இது கொள்கையளவில் நடக்கக்கூடியதே என்று கணக்கிட்டுக் காட்டினார். அதே தோர்ன்தான் ஈர்ப்பலைகளைக் கண்டறிந்த பணிக்காக 2017-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஒரு திரைக்கதையின் கண்ணீர்க் காட்சிக்காக இப்படிப்பட்ட ஒருவர் சமன்பாடுகளைத் தீர்த்துக் கொடுத்தது திரைப்பட வரலாற்றில் அடிக்கடி நடப்பதன்று.

கர்கன்டுவா என்ற அந்தக் கருந்துளையின் உருவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பின்புறமுள்ள வாயு வட்டின் ஒளி வளைந்து, கருந்துளைக்கு மேலும் கீழும் வளையமாகத் தெரிவது கற்பனையன்று. தோர்ன் கொடுத்த சமன்பாடுகளின்படி டபுள் நெகட்டிவ் நிறுவனத்தார் ஒளிக்கதிர்களின் பாதையைக் கணினியில் கணக்கிட்டு வரைந்தார்கள், அந்த முறையை 2015-இல் ஆய்வுக்கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். ஆனால் அங்கும் ஒரு பேரம் நடந்திருக்கிறது. சுழலும் வட்டில் நம்மை நோக்கி வரும் பக்கம் மிகப் பிரகாசமாகவும், விலகிப்போகும் பக்கம் மங்கலாகவும் தெரிய வேண்டும். பார்வையாளர்கள் குழம்பிவிடுவார்கள் என்று கருதி அதை விட்டுவிட்டார்கள். சுழற்சி வேகத்தையும் படத்துக்காகக் குறைத்துக்கொண்டார்கள். 2019 ஏப்ரலில் எம்87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படம் வெளியானபோது, அந்த வளையத்தின் ஒரு பக்கம் மற்றதைவிடத் தெளிவாகப் பிரகாசித்ததை எல்லோரும் பார்த்தோம். நோலன் வேண்டாமென்று ஒதுக்கியதை வானம் காட்டிவிட்டது.

'ஆட் ஆஸ்ட்ரா' பற்றி ஒரே ஒரு வரி: நெப்டியூனின் வளையத்துக்குள் ஓர் உலோகத் தகட்டைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஒருவர் பாய்ந்து போவதைப் பார்த்த பிறகு அந்தப் படத்தோடு எனக்கிருந்த உறவு முடிந்துவிட்டது.

மூன்றாம் வரிசை

ஆசிரியை அவர்களுக்கு: கயிற்றுக் காட்சியில் இருவரும் முழுமையாக நிற்கவில்லை, கயிறுகள் இன்னும் நழுவிக்கொண்டும் நீண்டுகொண்டும் இருக்கின்றன என்று ஒரு விளக்கம் உண்டு. நிலையம் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தால் வெளிநோக்கிய இழுப்பும் இருந்திருக்கும்.

இயற்பியல் ஆசிரியை

நிலையம் சுழன்றிருந்தால் பின்னணியில் விண்மீன்களும் பூமியும் நகர வேண்டும். அந்தக் காட்சியை இன்னொருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

குறுக்குவழி

இந்த இழையில் ஒருவர்கூட இன்னும் சிரிக்கவில்லையே! என் தேர்வு ரிட்லி ஸ்காட்டின் 'தி மார்ஷியன்'. அந்தப் படத்துக்குக் கோல்டன் குளோப் விருதை நகைச்சுவை அல்லது இசைப் படப் பிரிவில் கொடுத்தார்கள் என்பதே ஒரு நகைச்சுவைதான் என்றாலும், சாவை எதிர்நோக்கும் மனிதன் கிண்டலை விடாமல் வேலையைப் பார்ப்பதுதான் எனக்கு அந்தப் படத்தின் உயிர்.

மற்ற படங்களில் விண்வெளி வீரர்கள் அஞ்சுகிறார்கள், ஏங்குகிறார்கள், நினைவில் மூழ்குகிறார்கள். செவ்வாயில் தனியாக விடப்பட்ட மார்க் வாட்னி கணக்குப் போடுகிறார். பார்வையாளர்களை நம்பி அந்தக் கணக்கை நம் கண்முன்னே போட்டுக் காட்டுகிறது படம். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தை அவர் மணலிலிருந்து தோண்டி எடுக்கிறார். அதன் கேமரா சுழலும். ஆனால் பூமியிலிருந்து அது வழியாகப் பேச முடியாது. எனவே அதைச் சுற்றி எழுத்து அட்டைகளை நட்டு, கேமரா எந்த அட்டையைப் பார்க்கிறதோ அந்த எழுத்து என்று வைத்துக்கொள்ள நினைக்கிறார். 26 ஆங்கில எழுத்துகளையும் ஒரு கேள்விக்குறியையும் 360 பாகைக்குள் வைத்தால், ஒவ்வொன்றுக்கும் 13 பாகைதான் கிடைக்கும். கேமரா எதைப் பார்க்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பதினாறு குறிகளைக் கொண்ட ஹெக்ஸாடெசிமல் முறைக்கு மாறினால் அட்டைகளுக்கிடையே போதிய இடைவெளி கிடைக்கும். இரண்டு அட்டைகள் சேர்ந்தால் ஓர் எழுத்து. துப்பாக்கியோ வெடிகுண்டோ இல்லாமல், ஒரு கேமரா திரும்புவதை மட்டும் வைத்துக்கொண்டு நம்மை இருக்கை நுனிக்குக் கொண்டுவருகிறார்கள்.

ஆசிரியை அவர்கள் அடுத்து என்ன சொல்வார் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே ஒரு விண்கலத்தையே சாய்க்கும் புயல் அங்கே அடிக்க முடியாது. மூல நாவலை எழுதிய ஆண்டி வெயரே இதைத் தெரிந்துதான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் அது கதையைத் தொடங்கி வைக்கும் பொய். ஒருவரைச் சிக்கலில் மாட்டிவிடுவதற்குக் கதாசிரியர் ஒரு பொய்யைச் சொல்லலாம். சிக்கலிலிருந்து மீட்பதற்குத்தான் சொல்லக்கூடாது. அப்படிப் பார்த்தால் கயிற்றுக் காட்சியும் புத்தக அலமாரியும் முடிச்சை அவிழ்ப்பதற்குச் சொன்ன பொய்கள், புயல் அப்படியன்று. இந்த அளவுகோலை விண்மீன்தாசன் அவர்களுக்குக் கொடுக்கிறேன்.

பழைய படச்சுருள்

குறுக்குவழி அவர்கள் கொடுத்த அளவுகோல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை அவருடைய படத்தின்மீதே வைத்துப் பார்க்கத் தவறிவிட்டார். முடிவில் வாட்னி தன் கையுறையில் ஓட்டை போட்டு, அதிலிருந்து பீறிடும் காற்றின் உந்துதலில் பறந்து போய்த் தோழர்களை அடைகிறாரே, அது எதைச் சேர்ந்தது? நாவலில் இந்த யோசனை பேச்சளவில் வந்து, நடைமுறைக்கு ஒவ்வாது என்று தள்ளப்படுகிறது. நாவலாசிரியர் தள்ளியதைப் படம் எடுத்துக்கொண்டது.

நான் 'ஃபர்ஸ்ட் மேன்' படத்தை முன்வைக்கிறேன். இதுவரை யாரும் அதைத் தொடாதது எனக்கு வருத்தமே. டேமியன் சசேல் இயக்கிய அந்தப் படம், நீல் ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றி ஜேம்ஸ் ஹேன்சன் எழுதிய வாழ்க்கை வரலாற்றை அடிப்படையாகக் கொண்டது. கதையின் முடிவு உலகத்துக்கே தெரியும். அவர் நிலவில் இறங்கினார், திரும்பியும் வந்தார். முடிவு தெரிந்த கதையில் அச்சத்தை எப்படி உண்டாக்குவது என்பதற்கு இந்தப் படம் கண்டுபிடித்த விடைதான் என் வாதம்: நம்மை அது கலத்துக்குள்ளேயே அடைத்து வைத்திருக்கிறது.

ஆம்ஸ்ட்ராங் போன ஜெமினி 8 விண்கலம் புறப்படும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எந்த இயக்குநராக இருந்தாலும் ராக்கெட் தீப்பிழம்போடு எழுவதைத் தொலைவிலிருந்து, கம்பீரமான இசையோடு காட்டியிருப்பார். இங்கே நாம் பார்ப்பது ஒரு குறுகிய சன்னல், அதற்கப்பால் கொஞ்சம் வானம், அதிரும் கருவிப் பலகை, ஆணிகள் அடித்த தகரம். புறப்படுவதற்கு முன்பு இருக்கைப் பட்டையில் ஏதோ சிக்கிக்கொள்ள, தரையிலிருக்கும் பணியாளர் பேனாக்கத்தி இருக்கிறதா என்று கேட்கிறார். விண்வெளிக்குப் போகவிருப்பவர் நம்ப முடியாமல் பார்க்கிறார். மனிதனை வானத்துக்கு அனுப்பும் எந்திரம் இவ்வளவுதானா என்ற திகில், பிறகு வரவிருக்கும் விபத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றியது. உலோகம் முனகும் ஓசை அந்தப் படத்தைப்போல வேறெதிலும் எனக்குக் கேட்டதில்லை.

விபத்து 1966 மார்ச் 16 அன்று நடந்த உண்மை நிகழ்ச்சி. ஆளில்லாத அஜீனா கலத்தோடு ஜெமினியை இணைத்தார்கள். இரண்டு கலங்கள் விண்வெளியில் இணைந்தது அதுவே முதன்முறை. சற்று நேரத்தில் இணைந்த கலங்கள் உருளத் தொடங்கின. அஜீனாவில்தான் கோளாறு என்று எண்ணிப் பிரித்துவிட்டார்கள். ஆனால் கோளாறு ஜெமினியின் உந்து குழல் ஒன்றில் இருந்ததால், பிரிந்த பிறகு சுழற்சி இன்னும் கூடியது. நொடிக்கு ஏறத்தாழ ஒரு சுற்று. பார்வை மங்கி, நினைவு தப்பும் நிலையில், பூமிக்குத் திரும்பும்போது மட்டுமே பயன்படுத்த வேண்டிய உந்து குழல்களை இயக்கி ஆம்ஸ்ட்ராங் கலத்தை அடக்கினார். அதனாலேயே பயணத்தை உடனே முடித்துக்கொள்ள நேர்ந்தது. படத்தில் இது முகமும் மினுங்கும் எண்களும் சன்னலில் மாறி மாறி வீசும் ஒளியுமாகவே காட்டப்படுகிறது. ஒளியைச் சுழற்றிய நுட்பத்தை மூன்றாம் வரிசை அவர்கள் பாராட்டினார். சசேல் குழுவினரும் பச்சைத் திரையை நாடாமல், மிகப் பெரிய எல்.இ.டி. திரையில் வானத்தை ஓடவிட்டு அதன் முன்னால் கலத்தை அசைத்துப் படமெடுத்தார்கள். தலைக்கவசக் கண்ணாடியில் தெரியும் பிம்பம் பிறகு ஒட்டியதன்று, படப்பிடிப்பின்போது அங்கேயே இருந்தது.

1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ 1 ஒத்திகையில் கிரிசம், ஒயிட், சாஃபி ஆகிய மூவரும் தீயில் இறந்ததைப் படம் சில நொடிகளில் முடித்துவிடுகிறது. தூய ஆக்சிஜன் நிறைந்த அறை, உட்பக்கமாகத் திறக்கும் கதவு, ஒரு பொறி. வெளியிலிருந்து பார்த்தால் கதவு ஒருமுறை அதிர்கிறது, அவ்வளவுதான். அலறலைக் காட்டியிருந்தால் நாம் அழுதுவிட்டு மறந்திருப்போம்.

விண்வெளியில் நடக்காத ஒரு காட்சியையும் சொல்ல வேண்டும். நிலவுக்குப் புறப்படும் முந்தைய இரவு, பிள்ளைகளிடம் சொல்லாமலேயே கிளம்பப் பார்க்கும் கணவரை அவருடைய மனைவி மறித்து, நீங்கள் திரும்பி வராமல் போகலாம் என்பதை நீங்களே அவர்களிடம் சொல்லுங்கள் என்று மேசைக்கு முன்னால் உட்கார வைக்கிறார். அங்கே அவர் செய்தியாளர்களுக்குச் சொல்வதைப்போலவே பிள்ளைகளுக்கும் விடை சொல்கிறார். மூத்த மகன் கடைசியில் தந்தையோடு கைகுலுக்கிவிட்டுப் போகிறான். தந்தையையும் பிள்ளையையும் பற்றி 'இன்டர்ஸ்டெல்லர்' மணிக்கணக்கில் பேசியது இந்தக் கைகுலுக்கலில் வந்துவிட்டது என்றால் விண்மீன்தாசன் அவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது.

பூஜ்ய ஈர்ப்பு

நடிகர்களே இல்லாத படத்தைச் சேர்த்துக்கொள்வீர்கள் என்றால், டாட் டக்ளஸ் மில்லரின் 'அப்பல்லோ 11' (2019) ஆவணப்படத்துக்கு என் வாக்கு. வருணனைக் குரலோ பின்னோக்கிய நேர்காணல்களோ இல்லை. ஆவணக் காப்பகத்தில் வெளியே வராமல் கிடந்த அகலப் படச்சுருளும், பல்லாயிரம் மணி நேரக் கட்டுப்பாட்டு அறை ஒலிப்பதிவிலிருந்து எடுத்த பேச்சும் மட்டுமே. ராக்கெட் எழுந்தபோது ஆம்ஸ்ட்ராங்கின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 110, காலின்ஸுக்கு 99, ஆல்ட்ரினுக்கு 88 என்று ஒரு குரல் சாவதானமாக அறிவிக்கிறது. 88! எந்தத் திரைக்கதை ஆசிரியரும் துணிந்து எழுதியிருக்க மாட்டார், நம்பமாட்டார்கள் என்று விட்டிருப்பார். 'மூன்' படத்தைப் பற்றி யாரும் எழுதாததும் அநியாயம். பெரும்பாலும் ஒரே ஒரு நடிகரையும் சின்னஞ்சிறு மாதிரிக் கலங்களையும் வைத்து, ஏறத்தாழ ஐம்பது இலட்சம் டாலரில் எடுத்துவிட்டார் டங்கன் ஜோன்ஸ். கதையைச் சொல்ல மாட்டேன். பார்க்காதவர்கள் எதையும் படிக்காமல் பாருங்கள்.

விண்மீன்தாசன்

அனைவருக்கும் நன்றி. ஆவணப்படத்தைத் தனியே வைத்துவிடலாம். உண்மையோடு புனைவைப் போட்டியிட வைப்பது இரண்டுக்கும் நியாயமன்று.

குறுக்குவழி அவர்களின் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 'தி மார்ஷியன்' கையுறையில் வழுக்குகிறது. 'கிராவிட்டி' கயிற்றில் வழுக்குகிறது, அதுவும் தான் மட்டுமே ஆளும் நிலத்தில் வழுக்குகிறது என்பதால் அடி பலம். 'இன்டர்ஸ்டெல்லர்' பற்றி ஆசிரியை அவர்கள் எழுதியவை அந்தப் படத்தின்மீது என் மதிப்பைக் கூட்டினவே தவிர, புத்தக அலமாரியைப் பற்றி அவரும் ஒரு சொல் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். காலம் பின்னோக்கி ஓடாது என்ற விதியால்தான் அந்தக் காணொளிக் காட்சி வலித்தது. கடைசியில் கடந்த காலத்துக்குச் செய்தி அனுப்ப ஒரு வழி உண்டு என்று படமே சொல்லிவிட்டால், அந்த வலிக்குப் படமே மருந்து போட்டுவிட்டதாகத்தானே ஆகும்? இதுதான் என் உறுத்தல். இப்போதுதான் அதைச் சொற்களில் வைக்க முடிந்தது.

ஆக, தராசு 'ஃபர்ஸ்ட் மேன்' பக்கம் சாய்கிறது. ஆனால் பழைய படச்சுருள் அவர்களிடம் ஒரு கேள்வி. இறந்துபோன மகள் கேரனின் கைச்சங்கிலியை ஆம்ஸ்ட்ராங் நிலவின் பள்ளத்தில் போடுவதாகக் காட்டுகிறார்களே, அப்படி நடந்ததற்குப் பதிவு ஏதும் இல்லை. ஆவணத்தை விட்டு நகரமாட்டேன் என்று இரண்டு மணி நேரம் உறுதியாக நின்ற படம், மனிதரின் உள்ளத்தைத் திறக்க வேண்டிய இடத்தில் கற்பனைச் சாவியைப் போடுகிறது. இதுவும் முடிச்சை அவிழ்க்கச் சொன்ன பொய்தானே?

பழைய படச்சுருள்

நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு வேறுபாடுகளைப் பார்க்க வேண்டும். கயிறும் கையுறையும் அலமாரியும் கதையில் ஒருவருடைய உயிரையோ உலகத்தையோ காப்பாற்றுகின்றன அல்லது பலி கொடுக்கின்றன. கைச்சங்கிலி எதையும் மாற்றவில்லை. அது இல்லாவிட்டாலும் ஆம்ஸ்ட்ராங் அதே ஏணியில் ஏறி அதே கலத்தில்தான் திரும்பியிருப்பார்.

அடுத்தது, அந்தக் கற்பனை வைக்கப்பட்ட இடம். நிலவில் நடந்த நேரத்தின் கடைசிப் பகுதியில், திட்டத்தில் இல்லாதபடி, ஆம்ஸ்ட்ராங் தனியாக ஏறத்தாழ 60 மீட்டர் தொலைவிலிருந்த லிட்டில் வெஸ்ட் என்ற பள்ளம்வரை போய்விட்டு வந்தார் என்பது பதிவிலுள்ள உண்மை. விளிம்பில் நின்று படங்கள் எடுத்தார் என்பதும் தெரியும். அங்கே அவர் மனத்தில் என்ன ஓடியது என்பதற்குத் தெளிவான பதிவு இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் சசேல் தன் கற்பனையை வைத்தார். தெரிந்த எந்த உண்மையையும் அது இடிக்கவில்லை. இருந்தாலும், சங்கிலியைக் காட்டாமல் அவர் பள்ளத்தை நோக்கி நடப்பதோடு வெட்டியிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும் என்பதை மறைக்கமாட்டேன்.

இயற்பியல் ஆசிரியை

அலமாரியைப் பற்றி நான் ஏன் பேசவில்லை என்றால், கருந்துளையின் உள்ளே என்ன நடக்கும் என்று இயற்பியலுக்கே இன்னும் தெரியாது. தெரியாத இடத்தில் கதை எழுதினால் அதைப் பொய் என்று எப்படிச் சொல்வது? லிட்டில் வெஸ்ட் பள்ளத்துக்கு நீங்கள் கொடுத்த சலுகையைக் கர்கன்டுவாவுக்கும் கொடுங்கள், பழைய படச்சுருள் அவர்களே. என் வாக்கு மாறவில்லை.